ரெப்ளிகேஷன் நடுவே இண்டெக்ஸ்டு வியூ: காரைக்குடிக் கேள்வி பதில்

கேள்வி, தேவகோட்டை: அண்ணே, எங்களுடையது கண்டாங்கிச் சேலைக் கடை. காரைக்குடித் தலைமைக் கடையிலிருந்து கிளைக்கு எஸ்கியூஎல் சர்வர் (டேட்டாபேஸ் மென்பொருள்) ரெப்ளிகேஷன், அதாவது டேட்டாவைத் தானாக நகலெடுத்து அனுப்பும் ஏற்பாடு, ஓடுகிறது. ரிப்போர்ட்டுக்காகக் கிளையில் மட்டும் பில் டேபிள் மேல் இண்டெக்ஸ்டு வியூ (க்வெரியின் விடையை இண்டெக்ஸோடு சேமித்து வைக்கும் வியூ) போட்டோம். ரீஇனிஷியலைஸ் (கிளை நகலை முதலிலிருந்து மறுபடி இறக்குவது) செய்ததும் 3729 என்று பிழை காட்டி, நகலைக் கொண்டுவந்து போடுகிற ஏஜென்ட் நின்றுவிட்டது.

பதில்: நிற்கத்தான் செய்யும் தம்பி. ஸ்னாப்ஷாட் (தலைமை டேபிள்களின் முழு நகல்) இறங்கும்போது, நீங்கள் எதையும் மாற்றாமல் விட்டிருந்தால், கிளையில் இருக்கிற டேபிளை ட்ராப் பண்ணிவிட்டுத்தான் புதிதாகக் கட்டும். வியூவோ ஸ்கீமாபைண்டிங்கோடு (அடியில் இருக்கும் டேபிளை மாற்றவோ நீக்கவோ விடாத பிணைப்பு) அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது; உத்தரம் மேலே இருக்கும்போது தூணை உருவ முடியுமா? பப்ளிகேஷனில் (எந்த டேபிள்களை அனுப்புவது என்று தலைமையில் வைத்திருக்கும் அமைப்பு) ஸ்னாப்ஷாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஸ்கிரிப்ட் கொடுக்க இடம் இருக்கிறது. முன்னதில் வியூவை ட்ராப் பண்ணுங்கள், பின்னதில் வியூவையும் அதன் யுனிக் கிளஸ்டர்டு இண்டெக்ஸையும் திரும்பப் போடுங்கள். அந்த ஸ்கிரிப்ட் எல்லாக் கிளைகளிலும் ஓடும், அதனால் வியூ வேண்டாத கிளையில் அது முளைக்காதபடி சர்வர் பெயரைப் பார்த்து ஓட வையுங்கள்.

கேள்வி, பள்ளத்தூர்: ஸ்னாப்ஷாட் இறங்கும்போது ட்ராப்புக்குப் பதில் ட்ரங்கேட் (டேபிளை வைத்துக்கொண்டு வரிகளை மட்டும் ஒரேயடியாகக் காலி செய்வது) வைத்தால்?

பதில்: ஆகாது. இண்டெக்ஸ்டு வியூ இருக்கிற டேபிளில் ட்ரங்கேட் ஓடாது. டெலீட் ஓடும், ஆனால் பெரிய பில் டேபிளில் டிரான்ஸாக்ஷன் லாக் (மாற்றங்களைப் பதியும் கோப்பு) ஊதிப்போகும். சின்ன மாஸ்டர் டேபிள் என்றால் சரி.

கேள்வி, கானாடுகாத்தான்: அதே ஸ்கிரிப்ட் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் ஓடுகிறது, ஏஜென்ட் ஓட்டினால் 1934 என்ற பிழை வருகிறதே?

பதில்: ஏஜென்ட் அதை எஸ்கியூஎல்சிஎம்டி (கட்டளை வரியில் ஓடும் கருவி) வழியாக ஓட்டுகிறது ஆச்சி. அங்கே கோட்டட் ஐடென்டிஃபையர் என்ற செட்டிங் தானாகவே ஆஃப், ஸ்டுடியோவில் ஆன்; இண்டெக்ஸ்டு வியூவுக்கு அது ஆனில் இருக்க வேண்டும். ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே ஆன் பண்ணிவிடுங்கள், சோதிப்பதையும் எஸ்கியூஎல்சிஎம்டியிலேயே சோதியுங்கள். அப்புறம், அந்த டேபிளில் எழுதுகிற பழைய ப்ரொசீஜர் (டேட்டாபேஸிலேயே சேமித்த நிரல்) இருந்தால் அதையும் பாருங்கள், உருவாக்கிய அன்றைக்கு அந்த செட்டிங் ஆஃப் என்றால் அது கூடவே பதிந்திருக்கும், ஆன் வைத்து மறுபடி உருவாக்கினால்தான் தீரும்.

கேள்வி, ஆத்தங்குடி: தலைமையில் டேபிளின் ஒரு காலத்தின் (column, நெடுவரிசை) டைப்பை மாற்றினார்கள், எங்கள் டைல் கிடங்கில் எல்லாம் நின்றுவிட்டது.

பதில்: டேபிளின் அமைப்பை மாற்றுகிற ஆல்டர் டேபிள் கட்டளையும் ரெப்ளிகேஷனோடு வந்துவிடும், அதுதான் வழக்கமான அமைப்பு. புதுக் காலம் சேர்த்தால் வியூ தடுக்காது. வியூ பயன்படுத்துகிற காலத்தின் டைப்பை மாற்றினால் தடுக்கும். வியூவை எடுங்கள், ஏஜென்ட் அந்த மாற்றத்தைப் போட்டு முடிக்கட்டும், பிறகு வியூவைத் திரும்பக் கட்டுங்கள். வியூவை எடுக்காமல் ஆல்டர் வியூ அடித்து மாற்றினால் அதன் இண்டெக்ஸ் எல்லாம் சத்தமில்லாமல் போய்விடும், அதை நிறையப் பேர் கவனிப்பதில்லை.

கேள்வி, தேவகோட்டை: ஸ்டாண்டர்டு எடிஷனில் வியூ போட்டும் வேகம் வரவில்லையே அண்ணே?

பதில்: க்வெரியில் வியூ பெயரோடு நோஎக்ஸ்பாண்ட் (வியூவின் இண்டெக்ஸையே பயன்படுத்து என்று சொல்லும் குறிப்பு) என்று போடுங்கள். தானாகவே வியூவைத் தேடி எடுப்பது என்டர்பிரைஸில்தான்.