ஆக்டிவா ஓட்டத் தெரியும் என்று மட்டும் சொல்லாதீர்கள்: லிஸ்பன் ஆற்றோர ஸ்கூட்டர் கேள்வி-பதில்

போன முறை லிஸ்பன் ஆற்றோர மின்-ஸ்கூட்டர் சுற்றுலாவைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் கொட்டிவிட்டன. நான் அங்கே இரண்டு கோடைக்காலம் ‘கடைசி வண்டி’யாக இருந்தவன். வழிகாட்டி முன்னால் போவார். வரிசையில் யாரும் விழாமல், தொலையாமல் பார்த்துக்கொண்டு நான் பின்னால் வருவேன். முன்னால் போகிறவருக்குத் தெரியாத பல விஷயங்கள் பின்னால் வருகிறவனுக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில் பதில் சொல்கிறேன்.

இதற்கு லைசென்ஸ் வேண்டுமா? (திருச்சி வாசகர்)

நின்றுகொண்டு ஓட்டும் ஸ்கூட்டருக்கு வேண்டாம். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத, மோட்டார் கால் கிலோவாட்டுக்குள் உள்ள வண்டியை போர்ச்சுகல் சட்டம் சைக்கிளோடு சேர்த்துவிட்டது. உட்கார்ந்து ஓட்டும் மின்-ஸ்கூட்டரை வைத்தும் அதே ஊரில் சுற்றுலா நடக்கிறது. அதற்கு லைசென்ஸ் கட்டாயம் கேட்பார்கள். ‘ஸ்கூட்டர்’ என்றால் நமக்கு உட்காருவதுதான் நினைவுக்கு வரும், பலர் குழம்புவது இங்கேதான். நிற்கும் வண்டியை அங்கே ‘த்ரொதினெத்’ என்பார்கள். முன்பதிவில் படத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அடுத்த மாதம் லிஸ்பன் போகிறேன். டீடெயில்ஸ் ப்ளீஸ். (ஊர் எழுதாதவர்)

எந்தத் தேதி, எத்தனை பேர், என்ன வயது, எதைப் பற்றி டீடெயில்ஸ்? ஒன்றும் எழுதவில்லை. நானும் ஒன்றும் எழுதவில்லை.

எவ்வளவு ஆகும், எவ்வளவு தூரம்? (ஈரோடு வாசகி)

இரண்டு மணி நேரச் சுற்றுக்கு ஆளுக்கு 30 முதல் 50 யூரோ வரை. நூறால் பெருக்கி ரூபாயாக வைத்துக்கொள்ளுங்கள், பைசா கணக்குப் பார்த்தால் ஊர் சுற்ற முடியாது. ஆற்றை ஒட்டியுள்ள பெரிய சதுக்கமான ப்ராசா டு கொமெர்சியுவிலிருந்து பெலேம் கோபுரம் வரை போக 7 கிலோமீட்டர், திரும்ப 7. லிஸ்பன் மேடும் பள்ளமுமான ஊர்தான், ஆனால் இந்த வழி முழுக்கச் சமதளம். பாதையில் ஓரிடத்தில் நதியைப் பற்றிய கவிதை ஒன்றைத் தரையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வண்டியை நிறுத்திவிட்டுப் படியுங்கள். ஓட்டிக்கொண்டே படித்தவர்களை நான் தூக்கி நிறுத்தியிருக்கிறேன்.

இருபது வருடமாக ஆக்டிவா ஓட்டுகிறேன். கிளம்புவதற்கு முன் இருபது நிமிடம் பயிற்சி என்று நேரத்தை வீணாக்குகிறார்களாமே, அதைத் தவிர்க்க முடியுமா? (கோவை வாசகர்)

ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

உங்கள் இருபது வருட அனுபவம்தான் இந்த வண்டியில் உங்களைக் கீழே தள்ளப்போகிறது. ஆக்டிவாவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நூறு கிலோவுக்கு மேல் இரும்பு உங்களுக்குக் கீழே இருக்கிறது. தடுமாறினால் இரண்டு காலையும் ஊன்றுவீர்கள், வண்டி நின்றுவிடும். இதில் நிற்கிறீர்கள். வண்டியின் எடையே பதினைந்து, இருபது கிலோதான், அதைவிட நாலு மடங்கு எடை நீங்கள். சக்கரம் ஒரு சாண் அகலத் தட்டு. தடுமாறியதும் பழக்க தோஷத்தில் இரண்டு காலையும் ஊன்றப் போனால் வண்டி முன்னால் ஓடும், நீங்கள் பின்னால் நிற்பீர்கள், அல்லது விழுவீர்கள்.

அப்புறம் ஆக்சிலேட்டர். ஆக்டிவாவில் முறுக்குவோம், இதில் கட்டை விரலால் ஒரு சின்ன நெம்புகோலை அழுத்த வேண்டும். பயந்தால் மனிதக் கை இறுகும். கை இறுகினால் கட்டை விரலும் அழுத்தும். பயம் கூடக்கூட வேகம் கூடும் வண்டி இது. பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுப்பதே கட்டை விரலை எடுப்பதைத்தான்.

ஒரு கோடையில் நம் பக்கத்துக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். முப்பது வருட புல்லட் அனுபவம் என்றார். பயிற்சி நடக்கும்போது ஓரமாக நின்று ஃபோன் பேசிக்கொண்டிருந்தார். வழிகாட்டி இளைஞர், பெரியவரை எப்படி அதட்டுவது என்று விட்டுவிட்டார். நானும் வாய் திறக்கவில்லை, அது என் தப்பு. கிளம்பி நூறு மீட்டர்கூடப் போகவில்லை, டிராம் தண்டவாளம் வந்தது. எல்லோரும் திசையைத் திருப்பி, தண்டவாளத்துக்கு நேர் குறுக்காக வந்து கடந்தார்கள். இவர் சாலையில் போகிற போக்கில், தண்டவாளத்தோடு சாய்வாகவே ஏறினார். முன் சக்கரம் இரும்பில் வழுக்கி இடுக்கோடு இழுத்துக்கொண்டு போனது. சத்தமே இல்லை. ஆள் கல்லில் கிடந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்து, கைக்கடிகாரத்தின் வார் சதையில் அழுந்தி நின்றது. அந்த அம்மா கையில் எலுமிச்சை சாதப் பொட்டலத்தோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். கடைசி வண்டிக்காரன் என்பதால் மருத்துவமனைக்குக் கூடப் போனது நான்தான். அங்கே காத்திருந்த அஞ்சு மணி நேரத்தில் அவர் என்னிடம் மூன்று முறை சொன்னார்: “தம்பி, புல்லட்டில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை.” உண்மையாகத்தான் இருக்கும்.

ஆகவே இருபது நிமிடம் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு எட்டு போடச் சொன்னால் போடுங்கள். முட்டியைக் கொஞ்சம் மடக்கி, பிரேக் பிடிக்கும்போது இடுப்பைப் பின்னால் தள்ளப் பழகுங்கள். காலால் இரண்டு உந்து உந்தினால்தான் மோட்டார் எடுக்கும் என்பதையும் அங்கேயே தெரிந்துகொள்ளுங்கள். நடுச்சாலையில் நின்று வண்டி ஓடவில்லை என்று கத்த வேண்டாம். பயிற்சி நேரத்தைக் குறைக்கும் நிறுவனம் நல்ல நிறுவனம் இல்லை. பயிற்சியே இல்லை என்றால் பணம் போனாலும் பரவாயில்லை, திரும்பி வந்துவிடுங்கள்.

தண்டவாளத்தை நேர் குறுக்காகக் கடக்க வேண்டும். இதை இன்னும் இரண்டு முறையாவது சொல்வேன்.

புடவையில் ஓட்டலாமா? (கும்பகோணம் வாசகி)

கூடாது. துப்பட்டாவும் கூடாது, அதை மடித்துப் பைக்குள் வையுங்கள். வேட்டி பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: கூடாது.

ஒன்பது வயது மகனை என் முன்னால் நிறுத்திக்கொண்டு ஓட்ட விடுவார்களா? எங்கள் ஊரில் அப்படித்தான் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறேன். (நாமக்கல் வாசகர்)

விட மாட்டார்கள். ஒரு வண்டிக்கு ஒரே ஆள். உங்கள் ஊரிலும் அதைச் செய்ய வேண்டாம். வயதைக் கூட்டிச் சொல்லித் தனி வண்டி வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசிப்பீர்கள், பாஸ்போர்ட் கேட்பார்கள்.

அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு முட்டி வலி. அவர்களையும் சேர்த்துப் பதிவு செய்துவிட்டேன்... (சென்னை வாசகி)

பதிவு செய்துவிட்டுக் கேட்கிறீர்கள். இரண்டு மணி நேரம் நின்றபடி, கல் பாவிய இடங்களில் அதிர்வு முழுதும் முட்டியில்தான் இறங்கும். அம்மாவின் பதிவை ரத்து செய்யுங்கள், அப்பாவையும் துணைக்கு அனுப்புங்கள். காய்ஷ் டு சொத்ரே நிலையத்தில் ரயில் ஏறினால் பத்து நிமிடத்துக்குள் பெலேம். ஆற்றைப் பார்த்துக்கொண்டே போகலாம், நீங்கள் ஸ்கூட்டரில் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் காபி குடித்து முடித்திருப்பார்கள். 15-ஆம் எண் டிராமும் போகும், ஆனால் கூட்டம். ஆற்றின் நடுவே போய்ப் பார்க்க ஆசை என்றால் அதே காய்ஷ் டு சொத்ரேயிலிருந்து அக்கரை கசில்யாஷுக்குப் படகு இருக்கிறது, பத்து நிமிடப் பயணம். மேட்டுத் தெருக்களுக்கு ஆட்டோ பிடியுங்கள். ஆமாம், லிஸ்பன் முழுக்க ஆட்டோதான், ‘துக்துக்’ என்பார்கள். மீட்டர் மட்டும் அங்கேயும் கிடையாது.

எந்த நேரம் நல்லது? (சேலம் வாசகர்)

காலை. கோடையில் மதியத்துக்கு மேல் வடக்கிலிருந்து காற்று பிடித்து அடிக்கும், ‘நொர்த்தாதா’ என்று அதற்குப் பெயரே உண்டு. அதை எதிர்த்து ஓட்டினால் பேட்டரியைத் தின்றுவிடும். முப்பது கிலோமீட்டர் ஓடும் என்று விளம்பரம் செய்யும் வண்டி எழுபது கிலோ ஆளுக்கு, காற்றில்லாத நாளில் ஓடுவது. உங்கள் எடையை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை வேண்டாம், பெலேமில் இருக்கும் ஜெரோனிமுஷ் மடம் மூடியிருக்கும்.

நாங்கள் போவது டிசம்பரில். மழை வந்தால்? (மதுரை வாசகர்)

பணத்தைத் திரும்பத் தருவார்களா என்று முன்பே கேட்டு வையுங்கள். டிசம்பரில் மழை வரத்தான் செய்யும். லிஸ்பன் நடைபாதைகள் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டிய சுண்ணாம்புக் கல்லால் ஆனவை, நடுவே கறுப்புக் கல்லில் அலை, கப்பல் என்று கோலம். பார்க்க அழகு. ஆண்டுக்கணக்காக மிதித்து மிதித்து மொசைக் தரை போல் வழவழத்துப் போன கல் அது, நனைந்தால் சோப்பு தடவிய குளியலறை. ஈரக் கல்லில் முன் பிரேக்கைத் தொடாதீர்கள், திருப்பத்தில் சாயாதீர்கள், இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் ஒரு அவமானமும் இல்லை. நனைந்த தண்டவாளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: நேர் குறுக்காக.

வாஸ்கோ ட காமாதான் இந்தியாவைக் கண்டுபிடித்தார் என்று வழிகாட்டி சொன்னால் சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? (தூத்துக்குடி வாசகர்)

பெரும்பாலும் ‘கடல்வழியைக் கண்டுபிடித்தார்’ என்றுதான் சொல்வார்கள். 1497 ஜூலையில் பெலேம் கரையிலிருந்து கிளம்பினார், 1498 மே மாதம் கோழிக்கோடு வந்து சேர்ந்தார். கடைசிக் கட்டத்துக்கு ஆப்பிரிக்கக் கரையில் மலிந்தி துறைமுகத்திலிருந்து வழி தெரிந்த மாலுமி ஒருவரை ஏற்றிக்கொண்டுதான் வந்தார். வாஸ்கோவே கைடு வைத்துக்கொண்டு வந்தவர்தான் என்று சொல்லிப் பாருங்கள், வழிகாட்டிகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். அவர் கல்லறை ஜெரோனிமுஷ் மடத்துத் தேவாலயத்தில் இருக்கிறது.

தூத்துக்குடி என்பதால் இன்னொன்று. 1554-இல் இதே லிஸ்பனில் தமிழை ரோமன் எழுத்தில் போட்டு ஒரு கிறிஸ்தவ போதனை நூல் அச்சடித்தார்கள். இந்திய மொழி ஒன்று அச்சேறியது அதுதான் முதல் முறை என்பார்கள். வழிகாட்டி இதைச் சொல்ல மாட்டார். நீங்கள் சொல்லுங்கள். கூடவே ஜன்னல், சாவி, மேஜை, அலமாரி என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள், எல்லாம் அவர்களிடம் வாங்கியதுதான். என் குழுவில் வந்த ஒரு பாட்டி ‘ஜன்னல்’ என்றதும் வழிகாட்டிப் பெண் வண்டியையே நிறுத்திவிட்டாள்.

துபாயில் சொந்தமாக ஸ்கூட்டர் வைத்திருக்கிறேன். விமானத்தில் கொண்டுபோகலாமா? (துபாய் வாசகர்)

முடியாது. பயணிகள் விமானத்தில் லித்தியம் பேட்டரிக்கு உச்சவரம்பு 160 வாட்-மணி. உங்கள் வண்டியில் இருப்பது பெரும்பாலும் அதைத் தாண்டியே இருக்கும்.

பாரிஸில் சேன் நதிக்கரையிலும் இப்படி வாடகைக்கு எடுத்துச் சுற்றலாமா? சிங்கப்பூரில்? (யாழ்ப்பாணத்து வாசகர்)

பாரிஸில் தெருவோரம் எடுத்து ஓட்டும் வாடகை ஸ்கூட்டர்கள் இப்போது கிடையாது. 2023 ஏப்ரலில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். வந்து ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் குறைவு, அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வேண்டாம் என்றார்கள். ஆகஸ்டு முடிவோடு எடுத்துவிட்டார்கள். கண்ட இடத்தில் வண்டியைப் போட்டுவிட்டுப் போனதன் பலன். சிங்கப்பூரில் 2019 நவம்பரிலிருந்து நடைபாதையில் தடை, சைக்கிள் பாதையில் மட்டும் ஓட்டலாம். தனியாக ஓட்ட வயது 16 ஆகியிருக்க வேண்டும், எழுத்துத் தேர்வும் உண்டு. சும்மா போய் ஏறிவிட முடியாது.

பயணக் காப்பீடு எடுத்திருக்கிறேன், அது போதும்தானே? (பெங்களூரு வாசகர்)

பாலிசியின் பின்பக்கத்தில் ‘இரண்டு சக்கர மோட்டார் வாகனம்’ விலக்கு என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தக் காப்பீடு போதாது. மேலே சொன்ன மணிக்கட்டுக்காரருக்கு அப்படித்தான் இருந்தது.

ஹேண்டிலில் ஃபோனை மாட்டி ரீல்ஸ் எடுக்கலாமா? (ஊர் வேண்டாம் என்றவர்)

ஃபோன் பையில். வீடியோவை வழிகாட்டி எடுத்துத் தருவார். அங்கே எல்லாம் சாலைக்கு வலது பக்கம் என்பது நம் மூளைக்குள் ஏறவே ஒரு மணி நேரம் ஆகும். எதிரே சைக்கிள் வந்தால் உங்கள் கை தானாக இடது பக்கம் ஒதுங்கும், அவரும் அதே பக்கம் வருவார். கண் இரண்டும் பாதையில் இருக்கட்டும். வலது பக்கம். ஃபோன் பையில். தண்டவாளம் நேர் குறுக்காக.

கூவம் கரையில் இப்படி ஒன்று ஆரம்பித்தால் என்ன? (சென்னை வாசகர்)

முதலில் கூவத்தை ஆரம்பியுங்கள்.

போன வாரம்தான் போய் வந்தோம். பெரிய சிவப்புப் பாலத்துக்குக் கீழே போனதும் என் வண்டி மோட்டார் ‘ங்ங்ங்’ என்று விடாமல் ரீங்காரம் போட்டது. நிறுத்திப் பார்த்தும் சத்தம் நிற்கவில்லை. வழிகாட்டி சிரித்தாரே தவிர வண்டியை மாற்றித் தரவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? (திருநெல்வேலி வாசகர்)

வண்டியை நிறுத்திய பிறகும் சத்தம் வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது ஏப்ரல் 25 பாலம், 1966-இல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். முதலில் சர்வாதிகாரி சலசார் பெயர் வைத்திருந்தார்கள், 1974 புரட்சிக்குப் பிறகு அந்த நாளின் பெயரை வைத்தார்கள். மேலே கார் ஓடும் தளத்தில் ஒரு பகுதி இரும்புக் கம்பி வலை. டயர்கள் அதன்மேல் உருள உருள, எழுபது மீட்டர் உயரத்திலிருந்து ஆயிரம் வண்டு பறக்கிற மாதிரி கீழே கேட்கும், ராத்திரியிலும் ஓயாது. முதல் வாரம் நானும் என் பேட்டரியைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன்.