சவரக்கத்தி பழகுகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

மடக்குச் சவரக்கத்தியைப் பதினாறு ஆண்டுகளாக என் முகத்தில் பயன்படுத்தி வருகிறேன். தொழிலால் நான் முடிதிருத்துபவன் அல்லன். லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். வந்த கேள்விகளில் ஒரே பொருளுடையவற்றைச் சேர்த்து, என் அனுபவத்தில் நின்று பதில் எழுதியிருக்கிறேன்.

திருச்சி வாசகர்: மூன்று வாரமாகப் பழகுகிறேன். இரத்தம் வருவதில்லை, ஆனால் சவரம் முடிந்த கையோடு தடவிப் பார்த்தாலே கன்னம் சொரசொரப்பாக இருக்கிறது. பிளேடு ரேசரில் கிடைத்த வழவழப்புகூட இல்லை. கத்தியில் குறையா?

பெரும்பாலும் குறை உங்கள் இடக்கையில் இருக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் கத்தி பிடித்த வலக்கையையே கவனிக்கிறார்கள். முடியை ஒட்ட மழிப்பதில் பாதி வேலை தோலை இழுத்துப் பிடிக்கும் மற்றொரு கையினுடையது. தோல் தளர்ந்திருந்தால் கத்தி வரும்போது முடி சாய்ந்து கொடுக்கிறது, கத்தியும் அதன் மேலாகச் சறுக்கிப் போய்விடுகிறது. தோலை முடி சாயும் திசைக்கு எதிர்ப்புறமாக இழுத்துப் பிடித்தால், முடி சற்றே நிமிர்ந்து, வேருக்கு அருகில் அறுபடுகிறது. கையை எடுத்தபின் தோல் பழைய நிலைக்குத் திரும்பும்போது அறுபட்ட முனை உள்ளே அடங்கிக்கொள்கிறது.

சிறுவயதில் எங்கள் ஊர்ச் சலூனில் பெரியவர் ஒருவர் சவரம் செய்வதை மர பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். அவர் ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் இடக்கைப் பெருவிரலைப் படிகாரக் கட்டியில் ஒருமுறை தேய்த்துக்கொள்வார். அது ஏதோ சடங்கு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். நானே பழகத் தொடங்கி, நுரை பட்ட கன்னத்தில் விரல் வழுக்கியபோதுதான், பிடிமானத்துக்காக அவர் அப்படிச் செய்தார் என்று புரிந்தது. நீங்களும் அதையே செய்யுங்கள். விரல் படும் இடத்தில் மட்டும் நுரையைத் துடைத்துவிட்டு இழுத்துப் பிடியுங்கள். வலக்கன்னத்துக்கு இடக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, காதுக்கு முன்னால் தோலை மேல்நோக்கி இழுக்க வேண்டும். கண்ணாடியில் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும்.

அத்துடன் ஒரே சுற்றில் வழவழப்பை எதிர்பார்க்காதீர்கள். முதல் சுற்று முடியின் வாக்கில், மறுபடி நுரை பூசி இரண்டாவது சுற்று குறுக்குவாக்கில். பலருக்கு இதுவே போதும். எதிர்வாக்கில் மூன்றாவது சுற்றை இரண்டு மாதம் கழித்து, அதுவும் கன்னத்தில் மட்டும் முயலுங்கள்.

ஈரோடு வாசகர்: கோணம் 30 பாகை என்கிறார்கள். முகத்தில் அதை எப்படி அளப்பது?

கத்தியின் முதுகைக் (கூருக்கு எதிரே உள்ள கனமான பக்கம்) கொண்டே அளக்கலாம். 5/8 அங்குலக் கத்தியின் அகலம் ஏறத்தாழ 16 மி.மீ.; முதுகின் கனம் சுமார் 5 மி.மீ. கத்தியின் வாய், அதாவது அறுக்கும் விளிம்பு, தோலில் பட்டிருக்கும்போது, முதுகுக்கும் தோலுக்கும் நடுவே முதுகின் கனத்தைப் போல ஒன்றரை மடங்கு இடைவெளி இருந்தால் கோணம் 30 பாகைக்கு அருகில் வந்துவிடும். இதைவிடப் படுக்கவைத்தால் முடியைப் பிடுங்கும். நிமிர்த்தினால் தோலைச் சுரண்டும், வெட்டவும் செய்யும். கத்தி எப்போதும் வாய்க்குக் குறுக்கே, அதாவது முன்னோக்கி மட்டுமே நகர வேண்டும். வாயின் நீளவாக்கில், காய் அரிவதுபோல ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் வெட்டு நிச்சயம்.

தஞ்சாவூர் வாசகர்: வாங்கியபோது கூராக இருந்தது. தோல்வாரில் தீட்டத் தீட்ட மழுங்கிக்கொண்டே போகிறது, ஐயா.

நீங்கள் தீட்டவில்லை, மழுக்குகிறீர்கள். தீட்டுக்கல்லில் வாய் முன்னே செல்லும். தோல்வாரில் முதுகு முன்னே செல்ல வேண்டும், வாய் பின்னால் இழுபட்டு வர வேண்டும். முனைக்கு வந்ததும் கத்தியை முதுகின் மேல் உருட்டித் திருப்ப வேண்டும். வாயின் மேல் உருட்டினால் தோல்வார் அறுபடும், வாயும் மடங்கும். முதுகும் வாயும் ஒருசேரத் தோல்வாரில் படிந்திருக்க வேண்டும். தோல்வார் தொய்யாமல் இழுத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். தொய்ந்தால் தோல்வார் கத்தியின் வாயைச் சுற்றி வளைந்து, கூர்முனையை உருண்டையாக்கிவிடும். கத்தியின் எடையே போதும், அழுத்தம் வேண்டாம்.

ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் போய்வருவதை ஒன்றாக எண்ணி நாற்பது முறை என்பது என் கணக்கு. வேகம் வேண்டவே வேண்டாம். சலூனில் சடசடவென்று தீட்டும் ஓசையைக் கேட்டு நானும் அதுபோல முயன்று, முதல் தோல்வாரின் நடுவில் மூன்று வெட்டு விழுந்ததுதான் மிச்சம். அதனால்தான் பழகும் காலத்தில் விலை குறைந்த தோல்வாரையே வாங்கச் சொல்கிறேன்.

சென்னை வாசகர்: போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது. ஷேவிங் ஃபோம் டப்பா வாங்கிக்கொள்ளலாமா?

வாங்க வேண்டாம். கடினநீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து திரிதிரியாகிவிடுவதால்தான் நுரை எழுவதில்லை. முகம் கழுவ எந்தத் தண்ணீரும் ஆகும். நுரைக்கு மட்டும் ஒரு டம்ளர் குடிநீரைச் சுடவைத்துப் பயன்படுத்துங்கள். டப்பாவிலிருந்து வரும் நுரையில் காற்று அதிகம், ஈரம் குறைவு. நமக்கு வேண்டியது தயிர்போலக் கெட்டியாக, பளபளப்போடு, பிரஷை எடுத்ததும் வளைந்து நிற்கும் நுரை. முகத்துக்குச் சுடுதண்ணீர்த் துணியை இரண்டு மூன்று நிமிடம் ஒற்றடம் கொடுங்கள். தண்ணீரை உறிஞ்சிய முடி மிருதுவாகிவிடும். குளித்து முடித்த உடனே சவரம் செய்தாலும் இதே பயன் கிடைக்கும்.

சேலம் வாசகர்: இணையத்தில் முந்நூறு ரூபாய்க்குக்கூடக் கத்தி கிடைக்கிறதே, அதில் பழகலாமா?

கூடாது. அந்த விலையில் வருவன பலவும் கத்தி வடிவத்தில் இருக்கும் தகடுகள். சரியான பதம் ஏற்றப்படாத எஃகு என்பதால் கல்லில் எவ்வளவு உழைத்தாலும் கூர் நிற்காது. ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்சின் தியேர், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆகிய ஊர்கள் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றவை. சோலிங்கன் என்ற பெயரை வேற்றூர்க் கத்தியில் பொறிக்கக் கூடாது என்று 1938-லேயே அங்கே சட்டம் போட்டார்கள். இந்த ஊர்களின் பழைய கத்தி ஒன்று, துருக்குழி இல்லாமல் வாய் முழுமையாகக் கிடைத்தால், புதியதைவிட நான் அதையே விரும்புவேன். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் தேடிப் பாருங்கள். எந்தக் கத்தியாயினும், முதல்முறை கல் பிடித்துத் தரத் தெரிந்தவரிடம் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் கூர் பெரும்பாலும் முகத்துக்குப் போதாது.

அதே வாசகர்: கல் எப்போது பிடிக்க வேண்டும்?

தோல்வாரில் ஒழுங்காகத் தீட்டிய பிறகும் கத்தி முடியை அறுக்காமல் இழுக்கத் தொடங்கும்போது. எனக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நிலை வருகிறது. அப்போது 8000 எண் கல்லும் 12000 எண் கல்லும் போதும் (எண் கூடக்கூடக் கல் நயமானது). வாயில் ஓரம் உடைந்திருந்தால்தான் 1000 எண் கல்லிலிருந்து தொடங்க வேண்டும். இக்கத்தியின் அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: முதுகையும் வாயையும் சேர்த்துக் கல்லில் கிடத்திவிட்டால் கோணம் தானாகவே அமைந்துவிடுகிறது. 5 மி.மீ. முதுகும் 16 மி.மீ. அகலமும் சேர்ந்து ஏறத்தாழ 18 பாகை ஆப்பு வடிவத்தைத் தருகின்றன. கருவியே தனக்குரிய ஜிக்கையும் (கோணம் மாறாமல் பிடித்துவைக்கும் துணைக்கருவி) சுமந்துகொண்டு வருகிறது என்று சொன்னால் பட்டறைக்காரர்கள் புரிந்துகொள்வார்கள். தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சூட்டில் எஃகின் பதம் போய்விடும்.

மதுரை வாசகர்: கழுத்தில் கத்தியை வைக்கவே கை நடுங்குகிறது.

நடுங்குகிற கையோடு வைக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் கன்னங்களை மட்டும் கத்தியால் மழித்து, மீதியைப் பழைய ரேசரால் முடியுங்கள். கழுத்துக்கு வரும்போது முதலில் உலர்ந்த விரலால் தடவி, முடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பலருக்குக் கழுத்தின் கீழ்ப்பாதியில் அது மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ வளர்ந்திருக்கும். குரல்வளை மேட்டின் மேல் நேராகக் கத்தியை ஓட்டக் கூடாது. எச்சிலை விழுங்குவதுபோல மேட்டைச் சற்று மேலேற்றியோ, அங்குள்ள தோலை விரலால் பக்கவாட்டில் தட்டையான பகுதிக்கு இழுத்துவைத்தோ மழிக்க வேண்டும். முகவாயையும் மேலுதட்டையும் கடைசியாகக் கற்றுக்கொள்ளுங்கள். அங்கே அரை அங்குலத்துக்கு மேல் ஒரே இழுப்பில் போகாதீர்கள்.

கோவை வாசகர்: சலூன்களில் பிளேடைப் பாதியாக ஒடித்து மாட்டும் கத்தியும் இதுவும் ஒன்றுதானே?

பிடி ஒன்றுபோல இருக்கும், குணம் வேறு. பாதி பிளேடு எடையற்றது, விறைப்பானது, சிறு தவறையும் மன்னிக்காது. ஆனால் பலருக்குச் சவரம் செய்யும் இடத்தில் அதுவே சரி, ஆளுக்கொரு புது பிளேடு மாற்ற வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்தே இல்லை. ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. அதனால் உங்கள் சவரக்கத்தியை அண்ணன் தம்பிக்குக்கூட இரவல் கொடுக்காதீர்கள். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், முகத்தில் சீழ்ப்பரு உள்ளவர்களும் இந்தப் பழக்கத்தைத் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து.

தூத்துக்குடி வாசகர்: ஒரே வாரத்தில் கத்தியின் வாயருகே புள்ளி புள்ளியாகத் துரு.

கடற்காற்றில் கார்பன் எஃகு அப்படித்தான் ஆகும். கழுவியதும் துணியால் ஒற்றி, உலர்ந்த தோல்வாரில் பத்து முறை மெதுவாக இழுத்து, ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெயை அலகு முழுவதும் தடவி வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்துவிடும். குளியலறையில் வைக்காதீர்கள், ஈரம் மட்டுமன்று, அங்கே தரையும் சிமெண்ட். என் முதல் கத்தி வாஷ்பேசின் விளிம்பில் பட்டு, நடுவில் ஒரு நெல் அளவு வாய் போனது. விழும்போது பிடிக்கக் கை நீட்டாமல் நின்றதற்காக இன்றும் என்னை நானே மெச்சிக்கொள்கிறேன்.