எந்த விளை என்று கேட்கும் புரதம்

கேள்வி: என் மகள் எம்.எஸ்ஸி. உயிரித் தகவலியல் படிக்கிறாள். ஜி.ஏ.டி.ஏ.-1 என்ற புரதம் மனித டி.என்.ஏ.வில் எங்கெங்கே ஒட்டும் என்று கணினியில் தேடியபோது லட்சக்கணக்கான இடங்கள் வந்தனவாம். அத்தனையும் உண்மையா? இல்லையென்றால் அந்தக் கணிப்பால் என்ன பயன்? — ஒரு வாசகி, தக்கலை

பதில்: நாகர்கோவிலில் பேருந்து ஏறி, ‘விளை என்று முடியும் ஊரில் இறக்கிவிடுங்கள்’ என்று நடத்துநரிடம் சொல்லிப் பாருங்கள். அம்மாண்டிவிளையா, ஞாறான்விளையா, வாத்தியார்விளையா என்று அவர் திருப்பிக் கேட்பார். உங்கள் மகளின் கணினி அப்படிக் கேட்காமல், எல்லா விளையிலும் வண்டியை நிறுத்தியிருக்கிறது.

டி.என்.ஏ.வில் ஒட்டி மரபணுக்களை இயக்கவோ நிறுத்தவோ செய்யும் இந்தப் புரதம் தேடுவது ஆறே எழுத்துகள்: நடுவில் ஜி, ஏ, டி, ஏ, முன்னால் ஏ அல்லது டி, பின்னால் ஏ அல்லது ஜி. டி.என்.ஏ.வின் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளும் சம அளவில் கலந்திருப்பதாகக் கொண்டால், இது தற்செயலாகவே 1,024 இடங்களுக்கு ஒருமுறை வரும். சுமார் 300 கோடி எழுத்துகளில், டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளில் ஓர் இழையில் மட்டுமே ஏறத்தாழ 29 லட்சம் முறை வந்துவிடும். ஆனால், உயிருள்ள செல்லில் இப்புரதம் உண்மையில் அமர்ந்திருப்பதாகச் சோதனைகள் காட்டும் இடங்கள் சில ஆயிரங்களே. டி.என்.ஏ.வில் பெரும்பகுதி, 147 எழுத்துகளுக்கு ஏறத்தாழ 1.7 சுற்றாக, ஹிஸ்டோன் புரதங்களின் மேல் சுற்றப்பட்டுக் கிடப்பதால், அங்கே இந்த ஆறெழுத்துச் சொல் இருந்தும் புரதத்தால் எளிதில் நெருங்க முடிவதில்லை.

ஆகவே வெறும் சொல்லைத் தேடாமல், ஒவ்வோர் இடத்துக்கும் எழுத்துவாரியாக மதிப்பெண் தரும் அட்டவணையைப் பயன்படுத்துகிறார்கள். தெரிந்த பத்து ஒட்டிடங்களில் ஓரிடத்தில் எட்டு முறை டி வந்திருந்தால், அதன் விகிதம் 0.8; தற்செயலான 0.25-ஐப் போல 3.2 மடங்கு, இரண்டை அடியாகக் கொண்ட மடக்கையில் (log₂) சுமார் 1.68 மதிப்பெண். அதே இடத்தில் ஒரே ஒருமுறை வந்த ஏ-வுக்குக் கிடைப்பது கழித்தல் 1.32. ஒருமுறைகூட வராத எழுத்துக்கு மடக்கை எல்லையின்றிச் சரிந்துவிடும் என்பதால், எண்ணிக்கையில் சிறிது கூட்டிக்கொள்வது வழக்கம். மாணவர்கள் மறப்பதும் இதைத்தான். ஜாஸ்பர் என்னும் இலவசத் தரவுத்தளத்தில் ஆயத்த அட்டவணைகள் உண்டு.

பயன் என்ன என்று கேட்டீர்கள். டஃபி என்ற மரபணுவின் முன்பகுதியில், இப்புரதம் ஒட்டும் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியவர்களுக்குச் சிவப்பணுக்களில் மட்டும் டஃபி புரதம் உருவாவதில்லை என்று 1995-இல் கண்டறியப்பட்டது. சிவப்பணுவுக்குள் நுழைய அதையே பிடித்துக்கொள்ளும் விவாக்ஸ் மலேரியாவால், அவர்களைப் பெரும்பாலும் தாக்க முடிவதில்லை. எழுத்து மாறினால் மதிப்பெண் எவ்வளவு விழும் என்று கேட்பதற்கு இந்த அட்டவணை மிகவும் ஏற்றது. எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேட்பதற்கு அது மட்டும் போதாது. எந்தச் செல்லில், டி.என்.ஏ.வின் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்ற சோதனைத் தரவைச் சேர்த்து வடிகட்டாமல் அந்தப் பட்டியலை ஆய்வேட்டில் வைக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்த அட்டவணை எதற்கு? — ஒரு மாணவர், குளச்சல்

பதில்: 2015-இல் வந்த டீப்பைண்ட் முதலிய ஆழ்கற்றல் முறைகள், அக்கம்பக்க எழுத்துகளையும் கணக்கில் கொள்வதால் பல புரதங்களுக்கு மேலாகவே கணிக்கின்றன. ஆனால் ஒரு வகைச் செல்லின் தரவில் பயின்ற கணினி மாதிரி, வேறு செல்லில் தடுமாறலாம். தவிர, அது ஏன் அப்படிச் சொன்னது என்று கேட்கத் தனி ஆய்வே நடத்த வேண்டும். அட்டவணையையோ கண்ணால் படித்துவிடலாம்.