வீட்டு மில்லிங் மெஷினுக்குக் காற்றழுத்த ட்ரோபார் போடலாமா? ஸ்பிண்டில் பேரிங் தாங்குமா?

தாராளமாகப் போடலாம். ட்ரோபார் என்பது ஸ்பிண்டிலுக்குள், அதாவது கட்டரைச் சுழற்றும் தண்டுக்குள், மேலிருந்து இறங்கிக் கட்டர் பிடியை மேலே இழுத்து இறுக்கும் நீளமான போல்ட். ஆனால் அதை விடுவிக்கக் காற்று அமுக்கும் பாரத்தைப் பேரிங் தாங்கவே கூடாது, பாரம் அதன் பக்கமே போகாதபடிதான் முழு அமைப்பையும் செய்யவேண்டும்.

நான் மட்டக்களப்பு கல்லடியில் வீட்டோடு சேர்ந்த பட்டறையில் ஆர்8 (கருவிப் பிடி உட்காரும் சரிவுத் துளையின் ஒரு வகை) ஸ்பிண்டில் உள்ள சின்ன மில் ஒன்றை வைத்து வேலை செய்கிறேன். வள்ளத்து எஞ்சின் சாமான், அரிசி ஆலைக்காரர் கொண்டுவரும் புஷ், ஃபிளாஞ்ச், இப்படித்தான் வேலை வரும். ஒரு ஃபிளாஞ்சுக்கே சென்டர் ட்ரில், ட்ரில், எண்ட் மில், சாம்ஃபர் என்று மாற்றிக்கொண்டிருக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் மேலே எட்டி ஸ்பனர் போட்டு, தளர்த்தி, செப்புச் சுத்தியலால் தட்டி, திரும்ப இறுக்கி, பிறகு உயரத்தை மறுபடி பிடித்து... வேலையை விட இதற்குத்தான் நேரம் போகும்.

அமைப்பு சுலபமானது. கருவியை இறுக்கிப் பிடிப்பது ஸ்பிரிங், காற்று அதை விடுவிக்க மட்டும். இதை மாற்றிச் செய்யாதீர்கள். கரண்ட் போனாலும், காற்றுக் குழாய் வெடித்தாலும் கட்டர் ஸ்பிண்டிலிலேயே இருக்கும். 2022இல் மணிக்கணக்கில் கரண்ட் வெட்டிய காலத்தை நாங்கள் எல்லோரும் பார்த்தவர்கள்தானே.

ஸ்பிரிங் என்பது கிண்ணம் போல வளைந்த டிஸ்க் வாஷர்கள். ஆர்8 ட்ரோபார் 7/16 அங்குலம், அதாவது 11.1 மி.மீ., அதற்கு 25 வெளி, 12.2 உள், 1.5 தடிப்பு உள்ள வாஷர் சரியாக ஏறும். அது முக்கால் பங்கு அமுங்கும்போது ஏறக்குறைய 2900 நியூட்டன் தரும். இரண்டை ஒரே பக்கம் பார்க்க அடுக்கினால் பலம் இரட்டிக்கும், சோடிகளை எதிரெதிராக அடுக்கினால் அசைவு கூடும். 12 சோடி போட்டு, பிடிக்கும்போது பாதியும் விடும்போது முக்காலும் அமுங்கும்படி வைத்தால் ட்ரோபார் 1.6 மி.மீ. இறங்கும், கொலட் (கருவித் தண்டைச் சுற்றிக் கவ்வும் பிளவுபட்ட பிடி) திறக்க அது போதும்.

இப்போது சிலிண்டர் கணக்கு. 100 மி.மீ. பிஸ்டன் 6 பாரில் 4700 நியூட்டன்தான் தள்ளும், விடுவிக்க உங்களுக்கு 5800 வேண்டும். ஆகவே ஒரே தண்டில் இரண்டு பிஸ்டன் உள்ள சிலிண்டர், இல்லாவிட்டால் 2:1 நெம்புகோல். கொம்பிரசர் அழுத்தத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், டாங்கியில் அழுத்தம் இறங்கும் நேரம் பார்த்துக் கட்டர் பாதியில் சிக்கும்.

பேரிங் விஷயத்துக்கு வருகிறேன். சிலிண்டரை மெஷின் தலையில் இறுக்கிப் பூட்டினால் அந்த 5800 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 600 கிலோப் பாரம் முழுவதும் ஸ்பிண்டில் வழியாக பேரிங்கில் இறங்கும். ஒவ்வொரு தடவையும் அப்படி அமுக்கினால் குண்டுகள் தடத்தில் பள்ளம் விழுத்தும். அதனால் சிலிண்டர் மிதக்க வேண்டும், காரின் டிஸ்க் பிரேக் கலிபர் மாதிரி. வழிகாட்டித் தண்டுகளில் மெல்லிய ஸ்பிரிங்கோடு அது தொங்கட்டும், அதோடு பூட்டிய கவைத் தகடு ஒன்று ஸ்பிண்டில் மேல்முனைக் காலருக்குக் கீழே நிற்கட்டும். பிஸ்டன் ட்ரோபாரை அமுக்கியதும் சிலிண்டர் மேலே எழும்பி, தகடு காலரைக் கவ்வும். தள்ளுவதும் இழுப்பதும் ஸ்பிண்டிலுக்குள்ளேயே முடிந்துவிடும். காற்றை விட்டதும் பிஸ்டனும் தகடும் எதிலும் படாமல் ஒரு மில்லிமீட்டராவது விலகவேண்டும், இல்லாவிட்டால் சுற்றும்போது உரசும்.

சரியாக வந்ததா என்று பார்க்க டயல் கேஜை ஸ்பிண்டில் மூக்கில் வைத்துப் பொத்தானை அழுத்துங்கள். முள் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கவேண்டும். கீழே ஓடினால் பாரம் பேரிங்குக்குப் போகிறது, அதைத் திருத்தும் வரை பாவிக்காதீர்கள்.

கருவிக்கு 3/4 அங்குல ஆர்8 கொலட்டை நிரந்தரமாக ஸ்பிண்டிலில் விட்டு, தோள் உள்ள நேர்த்தண்டு ஹோல்டர்களைப் பாவியுங்கள். தோள் ஸ்பிண்டில் முகத்தில் முட்டி நிற்பதால் ஒவ்வொரு கருவியின் நீளமும் மாறாது, ஒருமுறை அளந்து எழுதிவைத்தால் போதும். எனக்கு நேரம் மிஞ்சியது உண்மையில் இதில்தான். உங்களுடையது எம்டி3 (மோர்ஸ் டேப்பர் 3 என்ற சரிவு) ஸ்பிண்டில் என்றால் நான் இதைச் சொல்லமாட்டேன், அந்தச் சரிவு தானாக விடாது. அதற்கு ட்ரோபார் தலையில் காற்று இம்பாக்ட் ரென்ச்சை இறக்கும் முறை நல்லது.

ஸ்பிண்டில் சுற்றும்போது சிலிண்டருக்குக் காற்று விடும் வால்வுக்குக் கரண்ட் போகாதபடி ரிலே கட்டாயம் போடுங்கள். தகடு விலகாமல் மோட்டார் தொடங்காதபடி ஒரு லிமிட் சுவிட்சும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் யாரையும் மெஷினுக்குப் பக்கத்தில் விடாதீர்கள், குறிப்பாகப் பிள்ளைகளை.

இன்னொன்று, நம் வாவிக்கரை ஈரம். மாரி காலத்தில் கொம்பிரசர் டாங்கியின் அடிவால்வைத் திறந்தால் துருநிறத் தண்ணீர் கொட்டும், அது சிலிண்டருக்குள் போனால் சீல் போய்விடும். தண்ணீர் பிடிக்கும் ஃபில்டர் ஒன்றை வால்வுக்கு முன்னால் வைத்து, டாங்கியைத் தினமும் வடியுங்கள். வாஷர்களுக்கு கிரீஸ் பூசித்தான் அடுக்கவேண்டும்.

உங்கள் ஸ்பிண்டில் எந்த வகை, மேல்முனையில் காலர் பூட்ட எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள், தகட்டின் அளவைப் போட்டுத் தருகிறேன்.