கேளுங்கள் ஆசாரியிடம்: காயலான் கடைக்குப் போகும் அலமாரி

கேள்வி: மாமியார் காலத்துத் தேக்கு அலமாரியைக் கரையான் அரித்துவிட்டது. ஏழு வருடம் முன்பு வாங்கிய வார்ட்ரோப் ஒன்றும் மழைத் தண்ணீரில் ஊறி உப்பிவிட்டது. இரண்டையும் காயலான் கடைக்குப் போடுகிறோம். கீல், கைப்பிடியையாவது கழற்றி வைக்கலாம் என்கிறேன் நான். 'குப்பை சேர்க்காதே' என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: தேக்கு அலமாரி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. வார்ட்ரோபில் பாதிதான் சரி.

முதலில் தேக்கு. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தைக் கழற்றி, கீல், கொண்டி, கைப்பிடி எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டினால், மேலே மஞ்சள் முலாம் பூசிய இரும்பு. அந்தக் காலத்து அலமாரி என்பதால் பெரும்பாலும் ஒட்டாது, பித்தளைதான். அதை மரத்தோடு சேர்த்துப் போட்டால் விறகு விலைதான் கிடைக்கும். உங்களுக்கு வேண்டாம் என்றாலும் கழற்றித் தனியாக எடை போடுங்கள்.

கழற்றும்போதுதான் பலரும் கெடுத்துவிடுகிறார்கள். ஸ்க்ரூ தலையில் இருக்கும் கோட்டுப் பள்ளம் வார்னிஷால் அடைபட்டிருக்கும். உடைந்த ஆக்ஸா பிளேடு முனையால் அதை முதலில் சுரண்டி எடுங்கள். பள்ளத்தின் அகலத்துக்குச் சரியாக உட்காரும் திருப்புளி வேண்டும். நான் தொழில் பழகிய புதிதில் சின்னத் திருப்புளியை வைத்து அமுக்கி, அது வழுக்கி, இடது கட்டைவிரலில் மூன்று தையல். தழும்பு இன்னும் இருக்கிறது. இன்னொன்று: கழற்றுவதற்கு முன், முடுக்குகிற பக்கம் ஒரு துளி திருப்புங்கள். 'டிக்' என்று சத்தம் வந்தால் பிடி விட்டுவிட்டது என்று அர்த்தம். அப்புறம் சுலபமாக வரும்.

கழற்றிய பித்தளையைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, உடனே கழுவி, ஈரமில்லாமல் துடையுங்கள். கீலின் மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுக்காகி இறுகிவிடும். ஒவ்வொரு ஜோடியையும் அதன் ஸ்க்ரூக்களோடு சேர்த்துக் கம்பியால் கட்டிவிடுங்கள். பிரித்துப் போட்டால் பிறகு தலை அளவு ஒத்துவராது.

வார்ட்ரோபில் ஆட்டோ ஹிஞ்சும் (கதவைத் தானாக இழுத்துச் சாத்தும் ஸ்பிரிங் கீல்) டிராயர் சேனலும் (டிராயர் ஓடுகிற தடம்) துருப்பிடிக்காமல் இருந்தால் மட்டும் எடுங்கள். ஆட்டோ ஹிஞ்சின் கை நேராகவும் இருக்கும், கொஞ்சம் வளைந்தும் இருக்கும், நன்றாக வளைந்தும் இருக்கும். எந்த வளைவு இருந்ததோ அதே வளைவு வேண்டிய கதவுக்குத்தான் பொருந்தும். டிராயரை முழுசாக வெளியே இழுத்தால் சேனலின் இரண்டு பக்கமும் கறுப்பு பிளாஸ்டிக் நாக்கு தெரியும். பெரும்பாலும் ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் அமுக்க வேண்டும். கழற்றியதும் ஓட்டிப் பாருங்கள். சேனலுக்குள் உருளும் சின்னக் குண்டுகள் உதிர்ந்திருந்தால் அதற்கு மேல் பாடுபடாதீர்கள். பலகைகளை இணைக்கும் வட்ட மினிஃபிக்ஸைத் தூக்கிப் போடுங்கள். அதன் திருகுப்பள்ளம் ஒரு தடவை மழுங்கினால் பிடிக்காது. அந்த விஷயத்தில் உங்கள் கணவர் கட்சிதான் நான்.

கேள்வி: பழைய கீலை அதே ஓட்டையில் மறுபடி மாட்டினால் ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெரிய ஸ்க்ரூ போடலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம், தலை கீலுக்கு வெளியே துருத்தும், கதவு சாத்தாது. மூங்கில் சிம்பு ஒன்றை ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டையில் அடித்து, ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். காலையில் மேலே நீட்டியிருப்பதை உளியால் சீவிவிட்டு, அதே ஸ்க்ரூவை முடுக்குங்கள். இது மரத்துக்குத்தான். ஊறி உப்பிய பார்ட்டிகிள் போர்டில் (மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை) எதை அடித்தாலும் நிற்காது.