மிதிவெடித் தடையிலிருந்து விலகும் நாடுகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வாகரை வாசகி: ஒப்பமிட்ட நாடு மிதிவெடித் தடை உடன்படிக்கையை விட்டு இவ்வளவு இலகுவாக வெளியேற முடியுமா ஐயா?

முடியும். 1997இல் ஒட்டாவாவில் கையொப்பமிடப்பட்ட அவ்வுடன்படிக்கையின் 20ஆம் உறுப்புரையே அதற்கு இடமளிக்கிறது: காரணத்தைக் காட்டி ஐ.நா. பொதுச் செயலாளருக்கு எழுதினால் ஆறு மாதத்தின் பின் விலகல் நடைமுறைக்கு வரும். 2022இல் உக்ரேனுக்குள் நுழைந்த ரஷ்யாவை அஞ்சி எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா ஆகிய மூன்றும் 2025 யூனில் அறிவித்து, டிசெம்பரில் வெளியேறின. பின்லாந்தும் போலந்தும் அதே வழியில் சென்றன. ரஷ்யா இத்தடையை ஒருபோதும் ஏற்றதில்லை. அமெரிக்காவும் சீனாவும் இந்தியாவும் அவ்வாறே.

களுவாஞ்சிக்குடி வாசகர்: உக்ரேனும் விலகிவிட்டதா?

இல்லை, இங்குதான் அவ்வுறுப்புரையின் நுட்பம் இருக்கிறது. ஆறு மாதம் முடியும்போது விலகும் நாடு போரில் ஈடுபட்டிருந்தால், அப்போர் ஓயும்வரை விலகல் செல்லாது என்று அது கூறுகிறது. ஆகவே உக்ரேன் 2025இல் விலகாமல், உடன்படிக்கையை 'இடைநிறுத்துவதாக' அறிவித்தது. உடன்படிக்கையிலோ இடைநிறுத்தம் என்ற ஏற்பாடே கிடையாது. சில உறுப்பு நாடுகள் ஆட்சேபித்தது நியாயமே என்பது என் கருத்து. போர்க்காலத்துக்கென்றே வகுத்த விதியைப் போரைக் காட்டித் தள்ளிவைக்கலாமென்றால், அது எந்தக் காலத்துக்கான விதி?

அக்கரைப்பற்று வாசகர்: கிளைமோரும் தடைக்குள் அடங்குமா?

கிளைமோர் என்பது நிலத்துக்கு மேல் வைத்து, ஒரு திசையை நோக்கிச் சிதறவைக்கும் கண்ணிவெடி. அதை ஒருவர் பார்த்திருந்து வெடிக்கவைத்தால் அடங்காது. கம்பி இடறித் தானே வெடிக்கும்படி வைத்தால் அடங்கும். வாகனங்களுக்கான கண்ணிவெடிகள் தடைக்கு வெளியே உள்ளன.

கல்முனை ஆசிரியர்: பெரிய அயல்நாட்டை அஞ்சும் சிறிய நாட்டைக் குறை கூறலாமா?

அந்நாடுகளின் அச்சம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், புதைத்த இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொள்வோம், பின்னர் அகற்றிவிடுவோம் என்ற அவர்களின் உறுதிமொழியை மட்டக்களப்பில் இருந்துகொண்டு நம்புவது கடினம். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைக்கு இப்பால் மாட்டை மறித்து நின்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். முகமறைப்புக் கவசத்துடன் முழந்தாளிட்டு, கருவி ஒலித்த இடத்தில் மண்ணைச் சிறு கரண்டியால் பக்கவாட்டிலிருந்து சுரண்டியே வெடியகற்றுபவர் முன்னேறுவார். இவ்வாறு அங்குலம் அங்குலமாகத் துப்புரவாக்கியே நமது மாவட்டம் 2017இல் மிதிவெடியற்றதாக அறிவிக்கப்பட்டது. வரைபடமும் எப்போதும் கைகொடுக்கும் என்றில்லை: 2014 மே மாத வெள்ளமும் மண்சரிவும் பொஸ்னியாவில் வெடிகளை இடம்பெயர்த்து, குறித்துவைத்த எல்லைகளைப் பயனற்றவையாக்கின. மாரியில் வெள்ளம் வயலை மூடுவதைக் கண்ட நமக்கு இது விளங்கும்.

ஏறாவூர் வாசகர்: இலங்கையின் நிலை என்ன?

போர் முடிந்து எட்டு ஆண்டுகளின் பின், 2017 டிசெம்பரிலேயே இலங்கை இணைந்தது. உடன்படிக்கை இலங்கைக்கு நடைமுறைக்கு வந்தது 2018 யூனில் என்பதால், புதைந்த வெடிகளை அகற்ற அது தரும் பத்தாண்டுத் தவணை 2028 யூன் முதலாம் திகதி முடிகிறது. எஞ்சிய நிலம் பெரும்பாலும் வடக்கில் உள்ளது. அவ்வேலைக்கு வெளிநாட்டு நிதியே பெரிதும் கைகொடுக்கிறது. ஐரோப்பாவின் பாதுகாப்புச் செலவு ஏறும் இந்நேரத்தில் அந்நிதி சுருங்கிவிடுமோ என்பதே எனது கவலை.