மைக் வாங்கும் முன் பவுச்சைக் கழற்றிப் பாருங்கள்

போனில் குரல் சரியாகப் பதிவாகவில்லை என்ற புகார்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பதிவு செய்து அனுப்புகிறேன். கொஞ்ச நாளாகக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கிறதாம். வெளி மைக் வாங்கச் சொல்கிறான் மகன். எது நல்லது?
*ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்*

இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள் அம்மா. சமீபத்தில் பவுச் மாற்றினீர்களா? பெரும்பாலான போன்களில் அடிப்பக்கம், சார்ஜர் செருகும் இடத்துக்கு அருகே குண்டூசித் தலை அளவில் ஒரு துளை இருக்கும். அதுதான் மைக். வேறு மாடலுக்குச் செய்த பவுச்சை மாட்டினால் அந்தத் துளை மூடிப்போகும். பவுச்சோடு ஒருமுறை, கழற்றிவிட்டு ஒருமுறை, ஒரே வாக்கியத்தைப் பதிவு செய்து கேளுங்கள்.

கழற்றியும் அப்படியே இருந்தால் துளையில் தூசியும் பஞ்சும் அடைந்திருக்கலாம். காய்ந்த, மென்மையான பல்துலக்கும் பிரஷால் மேலாகத் தேய்த்தால் போதும். அதற்கும் சரியாகவில்லையா? பின்பக்கக் கேமராவில் ஒரு வீடியோ எடுத்து, அதில் குரல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பல போன்களில் மேலேயும் ஒரு மைக் உண்டு, வீடியோவுக்கு அதையும் பயன்படுத்துவார்கள். வீடியோவில் குரல் கணீரென்றும் வாய்ஸ் ரெக்கார்டரில் மங்கலாகவும் இருந்தால், கோளாறு கீழ் மைக்கில். அப்போது சர்வீஸ் சென்டருக்குப் போகலாம்.

அப்புறம், போனை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தபடி கதை சொல்கிறீர்களா? வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டித்தால், சுற்றிலும் எதிரொலி இல்லாத இடத்தில் குரல் 6 டெசிபல் குறையும். ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பேசுங்கள்.

மைக் துளையை சிம் எடுக்கும் ஊசியால் குத்திச் சுத்தம் செய்தேன். முன்பு கொஞ்சமாவது கேட்டது. இப்போது ஒன்றுமே பதிவாகவில்லை.
*கல்லூரி மாணவர், சேலம்*

உள்ளே இருப்பது தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய சிலிக்கான் சவ்வு. ஊசி அதைக் கிழித்திருந்தால் மைக்கை மாற்றத்தான் வேண்டும். நீங்களே உண்டாக்கிய சேதத்துக்கு வாரண்டி கேட்க முடியாது. துளைக்குள் ஊசி விடாதீர்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது?

சமையல் வீடியோவுக்காக 450 ரூபாய்க்கு காலர் மைக் வாங்கினேன். மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் குரல் ஒரே மாதிரி, சன்னமாகவே வருகிறது.
*இல்லத்தரசி, மதுரை*

பதிவு ஓடும்போது காலர் மைக்கை நகத்தால் சுரண்டுங்கள், பிறகு போனின் அடிப்பக்கத்தைச் சுரண்டுங்கள். போனைச் சுரண்டும் சத்தம்தான் பெரிதாகக் கேட்டால், உங்கள் காலர் மைக் வேலையே செய்யவில்லை. போன் தன்னுடைய மைக்கில் தூரத்திலிருந்து உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இப்போது காலர் மைக்கின் பின்னைப் பாருங்கள். அதில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருந்தால் அது கேமராவுக்கான பின். 3.5 மி.மீ. ஹெட்போன் துளை உள்ள போனுக்கு மூன்று வளையம் வேண்டும். இரண்டு வளையப் பின்னைச் செருகினால், மைக் இல்லாத ஹெட்போன் மாட்டியிருக்கிறார்கள் என்று போன் எடுத்துக்கொள்ளும். இதற்கென்று சின்ன மாற்றி ஒயர் கிடைக்கிறது. அட்டையில் 'மொபைலுக்கு ஏற்றது' என்று போட்டிருந்தால் காசு செலவழிக்காதீர்கள், திருப்பிக் கொடுங்கள்.

எனக்கும் இப்படி ஒரு மைக்கை விற்றார்கள். 'எல்லாக் கருவிகளுக்கும்' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. முதிய நெசவாளர் ஒருவரின் பேட்டிக்கு அதைக் கொண்டுபோனேன். வீட்டுக்கு வந்து கேட்டால், அவர் குரலைவிட மின்விசிறிச் சத்தம்தான் பெரிதாக இருந்தது. தறிப்பாட்டு இரண்டு பாடியிருந்தார், அதில் ஒரு வரிகூடத் தெளிவாக இல்லை. இப்படி அச்சிட்டு விற்பவர்கள் மீது எனக்கு இன்னும் கோபம் போகவில்லை.

குரல் சத்தத்தைக் கூட்டும் ஆப் ஏதாவது சொல்லுங்கள்.
*வாசகர், ஈரோடு*

வேண்டாம். குரலோடு இரைச்சலையும் சேர்த்துத்தான் கூட்டும்.

சார்ஜிங் பின் மாற்ற 600 ரூபாய் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் பேசுவது சவாரி கூப்பிடுகிறவர்களுக்குக் கேட்கவில்லை. கடைக்காரர் 'போன் பழசு' என்கிறார். பில் தரவில்லை. சீட்டில் 'கியாரண்டி கிடையாது' என்று எழுதியிருக்கிறது.
*ஆட்டோ ஓட்டுநர், வேலூர்*

உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, விடாதீர்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் சார்ஜிங் பின்னும் கீழ் மைக்கும் ஒரே சின்ன போர்டில் இருக்கும். பின்னுக்காக முழு போர்டையும் மாற்றுவது வழக்கம். மலிவான டூப்ளிகேட் போர்டைப் போட்டால் சார்ஜ் ஏறும், மைக் சொதப்பும். போர்டில் மைக் இருக்கும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தைத் திரும்பப் பொருத்தாமல் மூடினாலும் இதே கதிதான். கடையில் திறந்து காட்டச் சொல்லுங்கள். பழைய போர்டையும் கேளுங்கள்.

இந்தச் சீட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது', 'கியாரண்டி இல்லை' என்று ஒரு வரியை அச்சிட்டுவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நம் ஊரில் பாதிக் கடைகள் நினைக்கின்றன. வாங்குகிற நாமும் அதைச் சட்டம் என்று நம்பித் தலையாட்டிவிட்டு வருகிறோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படித்தான். பழுதுபார்ப்பதும் சேவைதான். அதில் குறை இருந்தால் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

பில் இல்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். யுபிஐயில் பணம் அனுப்பியிருந்தால் அதன் பதிவும், கையில் இருக்கும் சீட்டும் சான்றுகள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுங்கள். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் 600 ரூபாய் விவகாரம் பெரும்பாலும் அதுவரை போகாது. 'எழுத்தில் புகார் கொடுக்கப் போகிறேன்' என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள், போர்டு மாறும்.

வீணைப் பாடம் பதிவு செய்தால் முதல் சில நொடி தம்புரா கேட்கிறது, பிறகு கரைந்துபோகிறது. மைக் பழுதா?
*இசை ஆசிரியை, திருவையாறு*

பழுது இருக்காது. விடாமல் ஒரே சீராக ஒலிப்பதை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு போன் அழிக்கிறது. ரெக்கார்டர் அமைப்பில் இரைச்சல் குறைப்பை நிறுத்துங்கள். அந்த வசதி இல்லாவிட்டால், அதை நிறுத்த விடுகிற வேறு ரெக்கார்டரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமையாகக் கேட்கிறது. அதே ஹெட்செட்டில் பேசிப் பதிவு செய்தால் மட்டும் பழைய லேண்ட்லைன் போல இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?
*வாசகர், நாகர்கோவில்*

இல்லை. மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் பெரும்பாலான ஹெட்செட்டுகள் தொலைபேசி அழைப்புக்கான தடத்துக்கு மாறிவிடும், அதில் தரம் குறைவு. கேட்பதற்கு ஹெட்செட்டை வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யும்போது புளூடூத்தை அணைத்துவிட்டு போனிலேயே பேசுங்கள்.